டிரிப்பர் நிற்காத வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் தேடிய கதை

ஊரில் எலக்ட்ரீஷியனுக்குப் பஞ்சமில்லை. மின்விசிறி மாட்ட, சுவிட்ச் மாற்ற, டியூப்லைட் கழற்ற என்றால் எந்தத் தெருமுனைக் கடையில் கேட்டாலும் ஒரு எண் கிடைக்கும். டிரிப்பர் (கோளாறு வந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும் பெட்டிக்குள் கோளாறு என்று வரும்போதுதான் அந்த எண்களில் எத்தனை உதவாது என்பது தெரிகிறது. போன ஐப்பசி மழையில் எனக்குத் தெரிந்தது. மொத்தம் 11,600 ரூபாய் செலவானது. அதில் 4,800 ரூபாய் முழுக்க வீண். பணத்தைக்கூட விட்டுவிடலாம். இடையில் ஒருவர் செய்துவிட்டுப் போன ‘ரிப்பேரால்’ என் மாமியாருக்கு ஷாக் அடித்தது. கணவர் மஸ்கட்டில், நான் திருச்சியில், வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அத்தை. கேட்டுத் தெளிய ஆளில்லாமல் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை, அடுத்தவருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழம்பும். மாமனார் எண்பதுகளில் கட்டிய வீடு. கீழ்த்தளத்தில் இன்னும் மரப்பலகையும் பீங்கான் ஃபியூஸ் கேரியர்களும்தான். மாடி எடுத்தபோது மாடிப்படிக்கு அடியில் ஒரு டிபி பெட்டி, அதாவது டிரிப்பர்கள் இருக்கும் பெட்டி, வைத்தார்கள். மீட்டரிலிருந்து மெயின் சுவிட்ச், அங்கிருந்து இந்தப் பெட்டி. பெட்டிக்குள் முதலில் அகலமாக, டெஸ்ட் பொத்தானோடு ஓர் ஆர்சிசிபி, மின்கசிவைக் கண்டால் விழும் டிரிப்பர். அதைத் தாண்டி வரிசையாகச் சின்ன டிரிப்பர்கள். கீழ்ப் பலகைக்கு ஒன்று, மாடி விளக்குகளுக்கு ஒன்று, ஏசி, கீசர் என்று தனித்தனியாக. சின்ன டிரிப்பர் விழுந்தால் அந்தப் பகுதி மட்டும் இருட்டாகும். ஆர்சிசிபி விழுந்தால் வீடே இருட்டு.

அன்று இரவு விழுந்தது ஆர்சிசிபி. நல்ல மழை. தூக்கிவிட்டால் சில நிமிடம் நிற்கும், மறுபடி விழும். சில சமயம் மிக்சியைப் போட்டவுடன் விழுந்தது, சில சமயம் ஏசி ஓடத் தொடங்கியதும் விழுந்தது, சில சமயம் எதையும் தொடாமலே விழுந்தது. முதலில் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் பதிந்தேன். காலையில் லைன்மேன் வந்து கம்பத்தையும் மீட்டர் பலகையிலிருந்த கட்-அவுட் ஃபியூஸையும் பார்த்தார். மீட்டர் வரைக்கும் சப்ளை சரியாக இருக்கிறது, மீட்டரைத் தாண்டியது உங்கள் பொறுப்பு என்றார். அதுதான் உண்மையும்கூட. கம்பம், சர்வீஸ் கம்பி, கட்-அவுட் ஃபியூஸ், மீட்டர் இவற்றில் கோளாறு என்றால் மின்வாரியத்தில் ‘ஃபியூஸ் ஆஃப் கால்’ என்ற புகாரைப் பதிந்தால் போதும், தனியாரைத் தேட வேண்டாம். சீல் வைத்த இடத்தைத் தனியார் யாரும் தொடவும் கூடாது. பக்கத்து வீடுகளில் மின்சாரம் இருந்து, நம் மீட்டரிலும் விளக்கு எரிந்தால் கோளாறு நம் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இதை முதல் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டால் ஓர் இரவு மிச்சமாகும்.

லைன்மேன் போகும்போது ஒரு நல்ல வார்த்தை சொன்னார்: எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு முறை தூக்கிப் பாருங்கள், நிற்காவிட்டால் விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பத் தூக்காதீர்கள். பிளக்குகளை எல்லாம் பிடுங்கிப் பார்த்தேன். நின்றது. ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வந்தேன். ஃபிரிட்ஜைச் செருகியதும் விழுந்தது. அதை எடுத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன், அதற்கும் விழுந்தது. எந்தப் பொருளைப் போட்டாலும் விழுகிறது என்றால் பொருளில் கோளாறு இல்லை என்று எனக்கே பட்டது. அப்புறம் எங்கே என்று தெரியவில்லை.

முதலில் வந்தவர் எங்கள் பகுதி ஹார்டுவேர் கடை மூலம் வந்த இளைஞர். கையில் ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளையர், அவ்வளவுதான். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “சார் இல்லையா?” இந்தக் கேள்வி அடுத்தடுத்து எல்லாரிடமிருந்தும் வந்தது. டிரிப்பருக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்து நின்றது. ஆர்சிசிபியை ஒரு முறை தூக்கினார், விழுந்தது. “இது வீக் ஆகிவிட்டது, இது இல்லாமலே ஓடும்” என்று சொல்லி, மெயினிலிருந்து வந்த இரண்டு கம்பிகளையும் கழற்றி, ஆர்சிசிபியை விட்டுவிட்டு நேராக அடுத்த பக்கம் இணைத்துவிட்டார். கால் மணி நேர வேலை. வீடு முழுக்க வெளிச்சம். கீழே ஒரு பீங்கான் கேரியர் கறுத்திருந்ததைப் பார்த்து, அதிலிருந்த ஃபியூஸ் கம்பியை எடுத்துவிட்டு, பையில் கிடந்த ஒயரிலிருந்து செம்பு இழைகளை உருவி முறுக்கிப் போட்டார். “இனிமேல் எரியாது” என்றார். எரியாது என்பதை அவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். 450 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

ஃபியூஸ் கம்பி எரிவதற்காகவே இருப்பது என்பதை மாமனார் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பார். வெள்ளீயம் பூசிய செம்பு ஃபியூஸ் கம்பியில் 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர் தடிமன், 15 ஆம்பியருக்கு அரை மில்லிமீட்டர். விளக்கு லைனுக்கு முதலாவது போதும். முறுக்கிய செம்பு இழை இதைவிடப் பல மடங்கு தாங்கும். அப்போது எரியப்போவது சுவருக்குள் போகும் ஒயர். பழைய வீட்டில் பீங்கான் பலகை வைத்திருப்பவர்கள் மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கேரியரையும் இழுத்துப் பாருங்கள். பாதி வீடுகளில் இந்த முறுக்குக் கம்பிதான் இருக்கும் என்று பின்னால் வந்தவர் சொன்னார்.

வீட்டில் மின்சாரம் வந்துவிட்டதே என்று அத்தைக்கு நிம்மதி. எனக்கு உள்ளூர ஒரு நெருடல். கணவர் தொலைபேசியில், ஆர்சிசிபியைத் தவிர்த்து ஓட்டுவது சரியில்லை, வேறு ஆளைப் பார் என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. மாலையில் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போன அத்தை, ஈரக்கையோடு மாடிக் கதவின் இரும்புக் கம்பியைப் பிடித்திருக்கிறார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கை சுரீரென்று இழுத்து, பின்னால் சாய்ந்து, சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டார். செருப்பு போட்டிருந்தார், தரையில் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. இரண்டில் ஒன்று மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. மெயினை அணைத்துவிட்டு, இருவரும் மெழுகுவத்தி ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த இளைஞர் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கெட்ட எண்ணம் உள்ளவர் அல்லர், கேட்ட வேலையைத்தான் செய்தார். ஆனால் காவல் நின்ற ஒன்றைக் கழற்றிவிட்டுப் போகிறோம் என்பதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆர்சிசிபி என்ன செய்கிறது என்பதை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். கடைக்குப் பிள்ளையிடம் காசு கொடுத்தனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் சரக்கையும் மீதியையும் கூட்டிப் பார்க்கிற பாட்டியின் வேலைதான் அது. பேஸ் கம்பி வழியாக வீட்டுக்குள் போன மின்சாரம் அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று ஓயாமல் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் கணக்கு உதைத்தால், அதாவது அந்த அளவு வேறு வழியில் மண்ணுக்குப் போகிறது என்றால், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். அந்த வேறு வழி ஈரச் சுவராகவும் இருக்கலாம், மனித உடம்பாகவும் இருக்கலாம். அதிகச் சுமையையோ ஷார்ட் சர்க்யூட்டையோ அது கண்டுகொள்ளாது. அவை சின்ன டிரிப்பர்களின் வேலை. ஆகவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்போது “டிரிப்பர் விழுகிறது” என்று மட்டும் சொல்லாமல், டெஸ்ட் பொத்தான் உள்ளது விழுகிறதா, சின்னது விழுகிறதா என்பதைப் பார்த்துச் சொல்லுங்கள். முதலாவது என்றால் கசிவு. இரண்டாவது என்றால் சுமை, ஷார்ட் அல்லது லூஸ் இணைப்பு. தேட வேண்டிய இடமே வேறு.

அடுத்து, செயலி வழியாகப் பதிவு செய்து ஒருவரை வரவழைத்தேன். சீருடை, அடையாள அட்டை, மரியாதையான பேச்சு, நேரத்துக்கு வந்தார். நேர்ப்படுத்திய கம்பிகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது. புதிதாக ஒன்று மாட்டினார். கூடவே, கீசர் டிரிப்பர் கொஞ்ச நாளாகவே அடிக்கடி விழுகிறது என்று நான் சொன்னதால், 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போட்டார். பெட்டி பழையது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று 22,500 ரூபாய்க்கு ஒரு மதிப்பீட்டையும் அனுப்பினார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வருகைக் கட்டணம், பொருள், கூலி எல்லாம் சேர்த்து 4,350 ரூபாய்.

சில நாட்கள் நன்றாக ஓடியது. பிறகு ஒரு கனமழைக்கு மறுபடி விழத் தொடங்கியது. இன்னொரு பக்கம், காலையில் கீசர் போட்டால் டிபி பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. அப்போதுதான் டார்ச் அடித்து, மாட்டியிருந்த ஆர்சிசிபியின் முகப்பை நானே படித்தேன். பழையதில் 30 மில்லி ஆம்பியர் என்றிருந்தது, புதியதில் 100. அதாவது கசிவு மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்த பிறகுதான் இது கண்விழிக்கும். 100 மில்லி ஆம்பியர் வகை தீப்பிடிப்பதைத் தடுக்கப் பயன்படுத்துவது. ஆளைக் காப்பாற்ற 30 வேண்டும். கோளாறைத் தேடுவதற்குப் பதில், கோளாறு தெரியாத அளவுக்குக் கண்ணாடியை மாற்றிவிட்டுப் போயிருந்தார். புகார் கொடுத்தேன், ‘உத்தரவாதக் காலத்தில் மீண்டும் வருகை’ என்று பதில் வந்தது. அதே ஆள் மீண்டும் வந்து என்ன செய்யப்போகிறார் என்று ரத்து செய்தேன்.

இந்த இடத்தில் டிரிப்பரின் முகத்தில் என்னென்ன எழுதியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் எந்த எலக்ட்ரீஷியனும் இதைச் சொல்வதில்லை. சின்ன டிரிப்பரில் சி16, பி10 என்று ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். எண் என்பது ஆம்பியர். எழுத்து என்பது திடீர் பாய்ச்சலை எவ்வளவு பொறுக்கும் என்பது: பி வகை 3 முதல் 5 மடங்குக்குள், சி வகை 5 முதல் 10 மடங்குக்குள் உடனே விழும். மோட்டார், ஏசி இவை தொடங்கும்போது ஒரு கணம் நிறைய இழுக்கும் என்பதால் அவற்றுக்கு சி. கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று இருந்தால், அத்தனை ஆம்பியர் ஷார்ட் சர்க்யூட்டையும் அறுத்துத் தாங்கும் என்று பொருள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். ஆம்பியரைக் கூட்டிப் போடுவது ஏன் ஆபத்து என்றால், டிரிப்பர் காப்பது பொருளை அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரை. தரவிதிப்படி ஒரு டிரிப்பர் தன் எண்ணைப் போல 1.13 மடங்கு மின்சாரத்தில் ஒரு மணி நேரம் வரை விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 32 ஆம்பியர் டிரிப்பர் 36 ஆம்பியரை ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் கீசர் லைன் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். குழாய்க்குள் போகும் அந்த ஒயர் இதைத் தொடர்ந்து தாங்காது. யாராவது “அடிக்கடி விழுகிறது, பெரிய டிரிப்பர் போட்டுவிடலாம்” என்றால், ஒயரின் தடிமன் என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். பள்ளியில் சக ஆசிரியர் ஒருவர் சொன்னது கண்ணைத் திறந்தது. வீட்டு ஒயரிங்கில் பல்பு, மின்விசிறி, சுவிட்ச், ஃபியூஸ் இவற்றை இருக்கும் அளவுக்கே மாற்றுவது தவிர, கூட்டுவது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது எல்லாவற்றையும் மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளில் இது இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த உரிமங்களையும், மேற்பார்வையாளர், கம்பியாள் தகுதிச் சான்றிதழ்களையும் கொடுப்பது சென்னை கிண்டியிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். நடைமுறையில் நம் தெருக்களில் வேலை செய்பவர்களில் பலரிடம் இது இல்லை. இல்லாதவர்கள் எல்லாரும் வேலை தெரியாதவர்கள் என்று சொல்லமாட்டேன். அப்பாவிடம் தொழில் கற்ற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் டிபி பெட்டி வேலைக்கு யாரென்று தெரியாத ஒருவரை வீட்டுக்குள் விடும்போது, கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. சான்றிதழ் வைத்திருப்பவர் கோபப்படமாட்டார், பெருமையாகக் காட்டுவார்.

அவர்களை எங்கே பிடிப்பது? புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடுகளில். அங்கே மின்வாரியத்திடம் இணைப்பு வாங்க வேண்டியிருப்பதால், உரிமம் உள்ள ஒப்பந்தக்காரர் இல்லாமல் வேலை நடக்காது. அடுத்த தெருவில் முடியும் தறுவாயில் ஒரு கட்டடம் இருந்தது. காவலாளியிடம் கேட்டு, மேஸ்திரி வழியாக ஒயரிங் ஒப்பந்தக்காரரின் எண்ணை வாங்கினேன். சின்ன வேலைக்கு வருவார்களா என்று தயங்கியபடிதான் கூப்பிட்டேன். கட்டட வேலை மழையால் நின்றிருந்த நேரம், ஆள் அனுப்புகிறேன் என்றார். பள்ளி, திருமண மண்டபம், மருத்துவமனை போன்ற இடங்களில் பராமரிப்பு பார்ப்பவர்களைக் கேட்டாலும் இப்படி ஒரு வழி கிடைக்கும். மின்பொருள் கடையில் கேட்பதானால், கல்லாவில் இருப்பவரிடம் “நல்ல ஆள் சொல்லுங்கள்” என்று கேட்காமல், “உங்களிடம் மொத்தமாக ஒயர் வாங்கும் ஒப்பந்தக்காரர் யார்?” என்று கேளுங்கள். வேறு பெயர் வரும்.

வருவதற்கு முன், ஒப்பந்தக்காரர் அனுப்பிய அண்ணன் தொலைபேசியில் கேட்ட கேள்விகளிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மழை பெய்யும்போது மட்டுமா, வெயிலிலுமா? தூக்கினால் உடனே விழுகிறதா, நேரம் எடுக்கிறதா? இன்வெர்ட்டர் இருக்கிறதா? கடைசியாகப் புதிதாக என்ன மாட்டினீர்கள்? சார் இருக்கிறாரா என்று கேட்கவில்லை. நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்டேன்: மெக்கர் கொண்டுவருவீர்களா? “அது இல்லாமல் எதற்கு அம்மா வரப்போகிறேன்” என்றார். இந்த ஒரு கேள்வியைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். மெக்கர் என்பது ஒயரின் காப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்கும் கருவி. கசிவைத் தேடுகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. அந்தப் பெயரைக் கேட்டுத் தடுமாறுகிறவர் கசிவைத் தேட வரவில்லை, எதையாவது மாற்ற வருகிறார்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் டிபி பெட்டியைத் திறந்து என்னையே படம் எடுத்துவைத்துக்கொள்ளச் சொன்னார், பிறகு எது எங்கே இருந்தது என்று சண்டை வராது என்று. கீசர் டிரிப்பரின் திருகைத் தொட்டார், ஆடியது. லூஸான திருகு சூடாகும், அந்தச் சூடு டிரிப்பருக்குள் இருக்கும் பட்டையை வளைத்து அதை விழவைக்கும். 2,000 வாட் கீசர் இழுப்பதே 9 ஆம்பியருக்குள்தான். 16 ஆம்பியர் டிரிப்பர் விழ வேண்டிய அவசியமே இல்லை. அப்போதே யாராவது ஒரு திருகை இறுக்கியிருந்தால் போதும். 32 போட்டதால் விழுவது நின்றது, சூடு நிற்கவில்லை. ஒயரின் முனையில் அரை விரல் நீளத்துக்குக் காப்பு உருகியிருந்தது. அதை வெட்டி, புதிதாகச் சீவி, 16 ஆம்பியர் டிரிப்பரில் இறுக்கினார்.

அடுத்தது கசிவு. இங்கேதான் முன்னால் வந்தவர்கள் ஏன் தோற்றார்கள் என்று புரிந்தது. செயலி வழியாக வந்தவரும் தேடாமல் இல்லை. ஒவ்வொரு சின்ன டிரிப்பரையும் இறக்கி, எதை இறக்கினால் ஆர்சிசிபி நிற்கிறது என்று பார்த்தார். எதை இறக்கியும் பிடிபடவில்லை. காரணம், வீடுகளில் இருக்கும் ஒற்றைத் துருவ டிரிப்பர் பேஸ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் கம்பிகள் எல்லாம் கீழே ஒரு பித்தளைப் பட்டையில் மாட்டியபடியே இருக்கும். எங்கோ நியூட்ரல் எர்த்தோடு தொட்டுக்கொண்டிருந்தால், டிரிப்பரை இறக்கினாலும் அந்தத் தொடுப்பு அப்படியேதான் இருக்கும். வீட்டில் வேறு எதை ஓட்டினாலும் அதன் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்தக் குறுக்கு வழியில் மண்ணுக்குப் போகும், ஆர்சிசிபி விழும். மிக்சிக்கும் ஃபிரிட்ஜுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஒரே மாதிரி விழுந்தது இதனால்தான். நான் மிக்சியை மாற்றியிருந்தாலும் விழுந்திருக்கும்.

மெயினை அணைத்தார். எல்லாப் பிளக்கையும் பிடுங்கச் சொன்னார், மெக்கர் 500 வோல்ட் செலுத்தும், மின்னணுப் பொருள்கள் கெட்டுப்போகும் என்று. நியூட்ரல் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பட்டையிலிருந்து கழற்றி, எர்த்துக்கும் அதற்கும் இடையில் வைத்து அளந்தார். குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும், நல்ல ஒயர் அதைவிடப் பல மடங்கு காட்டும் என்றார். எல்லாம் நன்றாகக் காட்டின. மாடி விளக்கு லைனின் நியூட்ரல் மட்டும் முள்ளைப் பூஜ்யத்தில் போட்டது. அந்த லைனை அறை அறையாகப் பிரித்துக்கொண்டே போய், கடைசியில் மொட்டை மாடிக் கதவுக்கு மேலே சுவரில் பூசி மூடியிருந்த ஜங்ஷன் பாக்ஸில் வந்து நின்றார். மூடியைப் பெயர்த்ததும் உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. விளக்கு மாட்டிய யாரோ வெறும் டேப் சுற்றி இணைத்த இணைப்புகள், டேப் ஊறிப் பிரிந்து கிடந்தது. விளக்கு எரியும்போது பேஸும் அதே தண்ணீரில்தான். விளக்கின் இரும்புச் சட்டம் கதவின் கம்பியோடு ஒட்டியிருந்தது. எர்த் குழிக்குப் போகும் கம்பியும் துருப்பிடித்துப் பாதி அரித்திருந்தது. அத்தைக்கு ஷாக் அடித்த வழி முழுதும் தெரிந்தது. அத்தை கீழிருந்தே, “நான் அன்றைக்கே அந்தக் கதவுதான் என்று சொன்னேனே” என்றார். சொன்னார்தான். வந்தவர்கள் யாரும் மாடிக்கு ஏறவில்லை.

பாக்ஸை வெளிச்சுவரிலிருந்து எடுத்து உள்பக்கம் வைத்து, இணைப்புகளைக் கனெக்டரில் போட்டு, விளக்கை மழை படாத வகைக்கு மாற்றி, எர்த் கம்பியைப் புதிதாக இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியை மாட்டி, கீழே முறுக்குக் கம்பியை எடுத்துவிட்டுச் சரியான ஃபியூஸ் கம்பி போட்டு, எல்லாவற்றுக்கும் 6,800 ரூபாய். அதில் சோதனைக்கு மட்டும் 800 என்று முதலிலேயே சொல்லியிருந்தார். சோதனைக்குக் காசு கேட்கிறாரே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் மாறாகத்தான் பார்க்கிறேன்: சோதனைக்குக் கூலி கிடைக்காத எலக்ட்ரீஷியன் பொருள் விற்றுத்தான் கூலி எடுக்க வேண்டியிருக்கும். பில்லில் ஒவ்வொரு பொருளின் ஆம்பியரும் எழுதியிருந்தது. கழற்றிய 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியைத் திருப்பிக் கேட்டேன், கொடுத்தார். முதல் ஆள் ‘வீக்’ என்று சொன்ன அந்தப் பழைய 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வீட்டில்தான் கிடந்தது. அதைச் சோதித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். அதையே திரும்ப மாட்டச் சொல்லலாமா என்று கேட்டேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, புதிது இருக்கட்டும் என்றார். அதில் எனக்கு வருத்தமில்லை.

அவர் சொல்லிவிட்டுப் போனவற்றில் சில. மாதம் ஒரு முறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்த வேண்டும், விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். அந்தப் பொத்தான் சாதனத்தைத்தான் சோதிக்கிறது, எர்த்தைச் சோதிக்காது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் விளக்கு லைனில் மின்சாரம் இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் தொடக் கூடாது. இன்வெர்ட்டர் மாட்டிய பிறகுதான் ஆர்சிசிபி விழத் தொடங்கியது என்றால், மாட்டியவர் நியூட்ரலை ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து எடுத்திருப்பார் அல்லது இரண்டு லைனின் நியூட்ரலைக் கலந்திருப்பார், முதலில் அதைப் பார்க்க வேண்டும். டிபி பெட்டிக் கதவின் உள்பக்கம் எந்த டிரிப்பர் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்ட வேண்டும். இதை அத்தையும் நானும் அன்றைக்கே செய்துவிட்டோம். அவர் படிக்க வசதியாகப் பெரிய எழுத்தில்.

கீழே பீங்கான் பலகை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதைத் தை பிறந்ததும் மாற்றுவதாகப் பேச்சு. எத்தனை டிரிப்பர், எந்த லைனுக்கு எத்தனை ஆம்பியர், ஒயர் எத்தனை சதுர மில்லிமீட்டர், சுவரை எங்கே உடைக்க வேண்டும், பூச்சு வேலை யார் பொறுப்பு என்பது வரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த வடிவத்தில் மதிப்பீடு தராதவரிடம் பலகை மாற்றும் வேலையைக் கொடுக்காதீர்கள். 22,500 என்று ஒற்றை வரியில் வந்ததோடு இதை வைத்துப் பார்த்தேன், அதில் ஒயரின் பெயரே இல்லை.